களவெடுக்காதவர்களிடம் ஒரு கேள்வி

1

ஊரில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் ஸலாம். கோபப்படாமல் ஒரு கேள்விக்குப் பதில் யோசியுங்கள். நீங்கள் ஏன் களவெடுப்பதில்லை?

சில மாதங்களாக இதை நான் ஆளாளாய்க் கேட்டு வருகிறேன். மகனோடு வந்து இருக்கிற இந்த வெள்ளைக்கார நாட்டில் நாங்கள் இறைச்சி வாங்குகிற கடைக்காரர், தன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்து, அரைக் கிலோவுக்கு மேலே ஒரு துண்டு கூடப் போட்டுத் தந்தார். என் மகன் நௌசாத், "அதுக்கு எங்க உம்மா நேரம்?" என்றான். பேத்தி ஹனா இங்கிலீசில் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். இப்போதெல்லாம் அவள் என்னோடு கதைப்பது பாதி கைப்பாஷை, பாதி சிரிப்பு. என்ன சொல்கிறாள் என்று மருமகளிடம் கேட்டேன்.

"நான் எடுக்கல்லண்டு ஆரு சொன்ன எண்டு கேக்காள் மாமி."

நான் கல்முனைக்குடியில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் இன்றைக்கும் எனக்குக் குரல் எழும்பாது. அப்படியான நான் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிவதற்கு இரண்டு பேர் காரணம். ஒருத்தி என் மருமகள் சிபானா. மற்றவள் என் கைப்பையைக் களவெடுத்தவள்.

சிபானா இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. மகள் பெரிய பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தானும் திரும்பப் படிக்கப் போனாள். குற்றவியல். பொலிசுக்குச் சேருகிற படிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். "இல்ல மாமி, ஆக்கள் ஏன் குற்றம் செய்றாங்க எண்டு காரணம் தேடுற படிப்பு" என்றாள். காரணம் தேட ஒரு படிப்பா? எங்கள் தெருவில் ஒரு கோழி காணாமல் போனால் லுஹர் தொழுகைக்கு முன்னே பத்துக் காரணம் வேலிக்கு வேலி நடந்து வந்துவிடுமே.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வயதுபோன உம்மா மகளோடு இருப்பாள். மகனுடைய வீடு என்பது மருமகளுடைய வீடு. அங்கே போனால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிட வேண்டும். எனக்குப் பெண்பிள்ளை இல்லை. புருசன் மவுத்தாகி நான் தனித்த பிறகு மகன் என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தான். அன்றிலிருந்து மருமகள் வீட்டில் சோறு தின்கிறேன். சிபானா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவளுடைய குசினியில் ஓர் அலுமாரியைத் திறக்க எனக்குக் கை கூசும். உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். கேட்டுத்தான் எடுப்பேன்.

அதனால் பகலில் தனியாகக் கடைக்குப் போய்வருவது எனக்குப் பெரிய விசயம். நானே கதவைப் பூட்டி, திறப்பைப் பையில் போட்டு, பஸ் ஏறி, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வாங்கி, நானே கதவைத் திறந்து உள்ளே வருவேன். ஆரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

2

போன குளிர்காலம் தொடங்கிய நேரம். கடைக்குப் போய்த் திரும்பும்போது பஸ் தரிப்பில் போட்டிருக்கிற நீட்டு வாங்கில் குந்தியிருந்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தன் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி. என் பை எனக்கு அடுத்த பக்கத்தில் வாங்கின் மேல் இருந்தது. இன்னொரு பொம்பிளை வந்தாள். கால் மாறி மாறி நின்றாள். நான் பையைத் தூக்கிக் கீழே காலடியில் வைத்துவிட்டு நகர்ந்து, இரு என்று கையைக் காட்டினேன். இருந்தாள். பஸ் தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தோம். அவள் குனிந்து என் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓடக்கூட இல்லை. நடந்துதான் போனாள்.

பைக்குள் என் கண்ணாடி, பிரசர் குளிசை, கொஞ்சம் பேரீச்சம்பழம், வீட்டுத் திறப்பு.

பொலிஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து உயரம் என்ன, மயிர் என்ன நிறம், வயது எத்தனை என்று கேட்டார்கள். இந்த ஊர் ஆக்களின் வயதை மதிக்க எனக்குத் தெரியாது. "அவளுக்குத் தடிமன். மூக்கு வடிஞ்ச" என்றேன். சிபானா அதை இங்கிலீசில் சொல்ல, பொலிஸ்காரி கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

நௌசாத் அன்றைக்கே பூட்டை மாற்றினான். "உங்கட பர்தாவப் பாத்துத்தான் உம்மா எடுத்திரிக்காள். எங்களக் கண்டாலே பிடிக்காத ஆக்கள் இரிக்காங்க. இனித் தனியப் போக வேணாம்" என்றான். புதுத் திறப்பு அவனுக்கு ஒன்று, சிபானாவுக்கு ஒன்று, ஹனாவுக்கு ஒன்று. எனக்கு இல்லை. ஆரும் வேண்டுமென்று செய்யவில்லை. தனியே போகாத ஆளுக்குத் திறப்பு எதற்கு? நானும் கேட்கவில்லை.

மகன் சொன்னது என் மனதில் முள்ளாய்க் கிடந்தது. என் உடுப்பைக் கண்டு வெறுத்துத்தான் எடுத்தாள் என்றால் நான் எந்தத் தெருவில் நடப்பேன்? உடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போக ஏலுமா? அது காரணம் இல்லையென்றால் வேறு என்ன காரணம்? அதை அறியாமல் நான் தனியே வாசலைத் தாண்ட மாட்டேன் போலிருந்தது.

3

அப்படித்தான் குசினியில் கீரை ஆய்கிற நேரங்களில் மருமகளிடம் படிப்பைக் கேட்கத் தொடங்கினேன்.

"காரணத்தை எப்படி மகள் கண்டுபிடிக்கிற? கள்ளன்மாரைக் கேட்டா?"

"அவங்களையும் கேக்கிற. பேர் எழுதாத கடுதாசியில பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கேக்கிற, நீ என்னெல்லாம் எடுத்திரிக்காய் எண்டு."

"உண்மையைச் சொல்லுங்களா?"

"பேர் இல்லாட்டிச் சொல்லுங்கள் மாமி. கொஞ்சம் கூட்டியும் சொல்லுங்கள்."

அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். ஒரு தெருவில் களவு கூட, அடுத்த தெருவில் குறைவு. படித்த ஒராள் அதைப் பார்த்து, இதுதான் காரணம் என்று ஒன்றை நினைக்கிறார். அதோடு விட்டால் அது வாய்க்கதை. அந்தக் காரணம் சரியென்றால் வேறு எங்கே என்ன நடக்க வேண்டும் என்று முதலே சொல்லிவைத்துவிட்டு, பிறகு போய்ப் பார்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் திருத்த வேண்டும், அல்லது கைவிட வேண்டும். அப்படிப் பிழையாகிப் போகவும் இடம் உள்ளதைத்தான் அவர்கள் கோட்பாடு என்கிறார்கள். சிபானா தியரி என்பாள்.

"அப்ப எங்கட ஆக்கள் சைத்தான்ட வேலை எண்டு சொல்றது?"

அவள் சைத்தான் இல்லையென்று சொல்லவில்லை. "சைத்தானை வெச்சு எந்தக் களவுக்கும் காரணம் சொல்லலாம் மாமி. ஆனா நாளைக்கு எந்த வீட்டில களவு போகும் எண்டு சொல்ல ஏலாதே" என்றாள். சைத்தானிடமிருந்து காவல் தேடி அஊது ஓதிக்கொண்டு நான் கீரையை அலசினேன். ஆனால் அவள் சொன்னது சரி.

கோட்பாடு ஒன்று இரண்டு இல்லை. ஆசை காட்டுகிற உலகத்தில் அதை அடைய வழியில்லாதவன் குறுக்கு வழிக்குப் போகிறான் என்கிறது ஒன்று. களவும் ஒரு தொழில்தான், கூட்டாளியிடம் பழகித்தான் வருகிறது என்கிறது இன்னொன்று. எனக்கு நித்திரையைக் கெடுத்தது வேறொன்று. அது கேள்வியையே புரட்டிப் போடுகிறது. அவன் ஏன் எடுத்தான் என்று கேட்காதே, எல்லோருக்கும் ஆசை இருக்க மற்றவர்கள் ஏன் எடுக்கவில்லை என்று கேள் என்கிறது. உம்மா வாப்பா, வேலை, நாலு பேர் முகம் என்று ஏதோ ஒன்று ஒவ்வொருவரையும் கட்டி வைத்திருக்கிறதாம். கட்டு அறுந்தவன் எடுக்கிறானாம். அன்றைக்குத்தான், மகனோடு காரில் போன இடத்தில், நான் இறைச்சிக் கடைக்காரரைக் கேட்டது.

எங்கள் தெருவில் 'கோழி' என்று ஒரு மனிசன் இருந்தார். உம்மா வாப்பா வைத்த பெயர் ஆருக்கும் நினைவில்லை. இளவயதில் ஒரு கோழி எடுத்தாராம். பிறகு எது தொலைந்தாலும் அவருடைய வாசலில்தான் போய் நிற்பார்கள். மீன் பிடிக்கத் தோணிக்கும் கூப்பிட மாட்டார்கள், வயல் வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். கடைசியில் அவர் மெய்யாகவே எடுக்கத் தொடங்கினார். இதைச் சொன்னதும் சிபானா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கும் தியரி இரிக்கு மாமி. பேரை வெச்சா ஆள் பேருக்கேத்த மாதிரி ஆகிறது."

"இதையும் படிச்சாங்களா?"

"படிச்சி, அதுக்கு எதிராயும் படிச்சாங்க. பேர் வெச்ச பிறகும் திருந்தின ஆக்கள் இரிக்காங்களே, அவங்களை எந்தக் கணக்கில சேக்கிற எண்டு."

கடைசியாகச் சொன்னது சின்னக் கோட்பாடு. எடுக்கிற மனமுள்ள ஒருவன், எடுக்கத் தோதான பொருள், காவல் இல்லாத நேரம். மூன்றும் ஓரிடத்தில் சந்தித்தால் களவு. எனக்கு உடனே சம்மாந்துறை றோட்டு ஞாபகம் வந்தது. வயல் வெட்டு முடிந்தால் றோட்டோரம் நீட்டுக்கு நெல் காயும். காவல்காரன் மர நிழலில் குறட்டை. ஆரும் அள்ளிக்கொண்டு போவதில்லையே என்றேன்.

"றோட்டால போற ஒவ்வொருத்தருக்கும் அது ஆருட நெல்லெண்டு தெரியும்தானே மாமி? போற வாற கண்ணெல்லாம் காவல்தான். காவலுக்கெண்டு ஆள் நிக்கத் தேவையில்ல."

வாப்பா தன் நெற்குவியலின் மேல் சாம்பலால் குறி போடுவார். அள்ளினால் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். பழக்கத்துக்குச் செய்கிறார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவர் ஊருக்கே ஒரு கண் வரைந்து வைத்திருக்கிறார்.

4

தை மாதமளவில் சிபானா ஒரு கட்டுரையில் மாட்டிக்கொண்டாள். இத்தனை கோட்பாட்டையும் ஒன்றாகச் சேர்க்கலாமா, சேர்த்தால் எப்படி என்று எழுத வேண்டும். மேசை முழுக்கக் கடுதாசி. சோறு கருகி, முகட்டில் புகை மணி அடித்தது.

சேர்க்க ஒரு வழி, கோட்பாடுகளை வரிசையில் நிறுத்துவதாம். முதலில் வீட்டுக் கட்டு அறும், பிறகு கூடாத கூட்டுக்குப் போவான், அங்கே பழகுவான், பிறகு எடுப்பான். ஒன்றின் வால் அடுத்ததின் தலை. இன்னொரு வழி, பக்கம் பக்கமாக வைப்பது. இன்ன வகைக் கள்ளனுக்கு இது, மற்ற வகைக்கு அது. மூன்றாவது, பெரிய கோட்பாடு ஒன்று மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டு, இதுவும் என் பேச்சுத்தான் என்பது.

"இதில ஆருக்கு மகள் கோபம்?"

"எல்லாருக்கும். ஒரு தியரி மனிசன் இயல்பிலேயே பறிக்கிறவன், பிடிச்சு வெக்கணும் எண்டு தொடங்குது. மற்றது மனிசன் நல்லவன், நிலைமைதான் தள்ளுது எண்டு தொடங்குது. அத்திவாரமே வேற. எப்படி மாமி ஒரு வீடு கட்டுற?"

எனக்கு எங்கள் பெரிய சோற்றுத் தட்டம், சஹன், ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்களே. சோறு எல்லோருக்கும் ஒன்று. ஆனால் அவரவர் தன் முன்னால் இருக்கிறதைத்தான் தொடுவார். மற்றவரின் பக்கத்தில் கை வைப்பது மரியாதையில்லை. இதைச் சொன்னதும் சிபானா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கட லெச்சரர்மாரும் அப்படித்தான் மாமி. அடுத்தவர்ட பக்கம் கை போனா முறைப்பாங்க." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா நடுவில இரிக்கிற இறைச்சியை எல்லாரும்தானே எடுக்காங்க. அந்த நடு எது எண்டுதான் எனக்குத் தெரியல்ல."

5

அந்த நாட்களில்தான் பொலிசிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. என் பையை எடுத்தவள் வேறொரு களவில் பிடிபட்டு, இதையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். வழக்கு முடிந்தது. நான் விரும்பினால், நடுவில் ஒராள் இருந்து நடத்த, அவளை நேரில் கண்டு கதைக்கலாம். அவளுக்கும் சம்மதமாம்.

"அவள்ட மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறீங்க உம்மா?" நௌசாத் கத்தினான்.

"ஒண்டு கேக்கணும் மகன்."

"பதில் நான் சொல்றன். உங்கட உடுப்பு. அதை அவள்ட வாயால கேட்டுட்டு வந்து நீங்க படுத்திரிப்பீங்க."

அவனுக்கும் பயம்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேக்காமலும் படுத்துத்தானே இரிக்கன்" என்றேன்.

போவதற்கு முதல்நாள் தேங்காய்ப்பாலும் சக்கரையும் போட்டுத் தொதல் கிண்டினேன். ஒரு ஆளைக் காணப் போகும்போது வெறுங்கையோடு எப்படிப் போவது? "களவெடுத்தவளுக்குத் தொதலா?" என்று மகன் தலையில் கை வைத்தான். அங்கே பொருள் கொடுக்க அனுமதியில்லை என்று சிபானா பிறகு விசாரித்துச் சொன்னாள். பெட்டி காரிலேயே இருந்தது. உள்ளே வர மறுத்த நௌசாத்தும் காரிலேயே இருந்தான்.

ஊரில் இப்படி ஒரு விசயம் என்றால் பள்ளிவாசலில் அதன் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மார் கூடி விசாரிப்பார்கள். பொம்பிளைகளுக்கு அங்கே இடமில்லை. முடிவு பிறகு வீட்டுக்கு வரும். இந்த வயதில் முதல் தடவையாக ஒரு விசாரணையில் எனக்கென்று கதிரை போட்டிருந்தார்கள். சிபானா என் பக்கத்தில் இருந்தாள். பேனை, கடுதாசி கொண்டுவரக் கூடாது, இங்கே கேட்டதைப் படிப்புக்கு எடுக்கக் கூடாது என்று அவளுக்கு முதலே சொல்லிவிட்டார்கள்.

6

சந்திப்பை நடத்துகிறவர் தாடி வைத்த ஒரு மெலிந்த மனிசர். மேசையின் நடுவில் ஒரு போன். அதற்குள் மொழிபெயர்க்கிறவர், குரலைக் கேட்டால் வயதான யாழ்ப்பாணத்து ஐயா. "வணக்கம் அம்மா, நான் கதைக்கிறது விளங்குதோ?" என்றார். ஓம் என்றேன்.

எதிரில் அவள். பெயர் லின். அன்றைக்குக் கண்டதைவிட மெலிந்திருந்தாள். அவள் வாயசைக்க, போனுக்குள்ளிருந்து அந்த ஐயா மன்னிப்புக் கேட்டார். "அம்மா, நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ." வெள்ளைக்காரி ஒருத்தி யாழ்ப்பாணத்து ஆம்பிளைக் குரலில் அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு தன் கதையைச் சொன்னாள். பொதி கட்டுகிற இடத்தில் வேலை செய்தவள். அந்த இடம் மூடிவிட்டது. முதுகு வலிக்குக் குளிசை போட்டு, குளிசை இல்லாமல் இருக்க ஏலாமல் போய்விட்டது. கூட இருந்தவர்கள் எங்கே எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தார்கள். தாய் செத்த பிறகு, எங்கே போனாய் என்று கேட்க ஒரு ஆளும் இல்லை.

"என்ர கதையைக் கேட்ட ஒவ்வொருத்தரும் தங்களுக்கு வேண்டின துண்டைத்தான் எழுதினவை. வேலை தேடிக் குடுக்கிற கந்தோரில வேலை இல்லாததை எழுதினவை. டொக்டர் குளிசையை எழுதினவர். கோர்ட்டில என்ர பழைய களவுகளை எழுதினவை. எல்லாம் உண்மைதான். ஆனா அந்த பஸ் தரிப்பில நான் எல்லாத்தோடயும்தானே நிண்டனான்."

சிபானா என் கையைப் பிடித்தாள்.

என்னிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார் தாடிக்காரர். போனைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"என்ட உடுப்பப் பாத்தா எடுத்த?"

ஐயா அதை அவளிடம் கேட்டார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. என் பர்தாவை மேலிருந்து கீழே பார்த்தாள், இப்போதுதான் காண்கிறவள் மாதிரி. தலையை ஆட்டி, நிறையக் கதைத்தாள்.

"அம்மா, உங்கட உடுப்பை அவா யோசிக்கவே இல்லையாம். அந்த வாங்கில ரெண்டு பேர் இருந்தவையாம். மற்றவா பையை மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவாவாம். நீங்கள் மட்டும் அவாவுக்கு இடம் விட்டு, பையைக் கீழ வச்சனீங்களாம். அண்டைக்கு முழுக்க ஒருத்தரும் அவாவை இரு எண்டு சொல்லேல்லையாம். நீங்கள்தான் சொன்னனீங்களாம். இருந்தாப் பிறகு பை காலுக்குக் கிட்ட இருந்ததாம். அதுதான் தனக்கு இன்னும் வெக்கமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு விளங்கும். பக்கத்தில் ஒருத்தி வந்து இருக்கிற நேரம் பையை மடியில் தூக்கி வைத்து இறுக்கினால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. எங்களில் ஆரும் செய்ய மாட்டோம். சாமானைக் கீழே வைத்து, நகர்ந்து, இரு என்போம். எத்தனை மாதமாக என் உடுப்பைச் சந்தேகப்பட்டேன்! என்னிலிருந்த மரியாதைதான் காவலைக் கீழே இறக்கி வைத்திருக்கிறது.

"மாப்பு எண்டு சொல்லுங்க" என்றேன். "மன்னிப்புத்தானே அம்மா?" என்று ஐயா உறுதி பார்த்தார். ஓம் என்றேன். வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார்கள்.

"அவட தடிமன் சொகமாயிட்டா எண்டு கேளுங்க."

அதைக் கேட்டதும் லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

7

காரில் சிபானா எல்லாவற்றையும் சொன்னாள். நௌசாத் தொதல் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு, இன்னொரு துண்டு என்று தின்றுகொண்டே கேட்டான். கடைசியில், "அப்ப இனி ஆருக்கும் இடம் குடுக்காதீங்க உம்மா" என்றான். அவனுக்கும் ஏதோ ஒரு பாரம் இறங்கியது குரலில் தெரிந்தது.

அன்றைக்கு சிபானா எழுதி வைத்திருந்த கடுதாசிகளையெல்லாம் ஒதுக்கினாள். கேட்டதில் ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, யோசித்ததை மட்டும் சொன்னாள். "எந்தத் தியரி பெரிசு எண்டு கேட்டதுதான் மாமி பிழை. ஒராள் களவுக்குப் பழகி வாறதுக்குக் காரணம் வேற. அந்தக் களவு அந்த வாங்கில நடக்கிறதுக்குக் காரணம் வேற. ரெண்டு கேள்விக்கும் ஒரே பதிலை இழுத்துக்கொண்டிருந்தன்." எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்படியானால் சஹனின் நடு எது என்று கேட்டேன். "அந்த நேரம் மாமி. எல்லாம் வந்து சேர்ற அந்த நேரம்" என்றாள். அதுவும் முழுக்க விளங்கவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் நான் உப்பு எங்கே என்று கேட்டபோது அவள் உப்பை எடுத்துத் தரவில்லை. அலுமாரியைக் கையால் காட்டினாள். நானே திறந்தேன். உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய ஒரு திறப்பு இருந்தது.

"அது உங்கட. கறிவேப்பிலை முடிஞ்சிட்டு மாமி" என்றாள், வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

போனேன். திரும்பும்போது அதே வாங்கில் இருந்தேன். பை பக்கத்தில் இருந்தது. கையில் இரண்டு கனத்த பைகளோடு ஒருத்தி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். என் பையை எடுத்து மடியில் வைத்தேன். மரியாதையில்லைதான். வைத்துக்கொண்டு, நன்றாக நகர்ந்து, இரு என்று கையைக் காட்டினேன்.